மக்களாட்சி என்பது பெரும்பான்மையினரின் ஆட்சிதானா?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: "மக்களாட்சி என்றால் பெரும்பான்மையினரின் ஆட்சி என்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. அது சரியா? அதன் வகைகள் யாவை? நன்மைகளும் குறைகளும் யாவை?" அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். முதல் கேள்விக்கு அதிக இடம் கொடுக்கப்போகிறேன். குறிப்பேட்டில் உள்ள அந்த ஒரு வரி பாதி உண்மை. அந்தப் பாதியை முழுமை என்று எடுத்துக்கொண்டதால் நாடுகள் கெட்டிருக்கின்றன, மக்கள் செத்திருக்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'டெமோஸ்' என்றால் கிரேக்கத்தில் மக்கள், 'கிராட்டோஸ்' என்றால் அதிகாரம். இரண்டும் சேர்ந்த சொல்லைத்தான் நாம் ஜனநாயகம் என்றும் மக்களாட்சி என்றும் வழங்குகிறோம். குடியரசு என்பது வேறு. பரம்பரை அரசர் இல்லாத நாடு குடியரசு. பிரிட்டனில் மன்னர் இருக்கிறார், ஆகவே அது குடியரசு அன்று. ஆயினும் அங்கே நடப்பது மக்களாட்சி. சீனா தன்னை மக்கள் குடியரசு என்று அழைத்துக்கொள்கிறது. ஆனால் ஆளுங்கட்சியை வாக்குச் சீட்டால் இறக்கும் வழி அங்கே குடிமக்களுக்கு இல்லை. தேர்வில் இந்த இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

பொருளை என் சொற்களில் சொல்வதானால், வயது வந்த எல்லாரும் ஒரே எடையுள்ள வாக்கைக் கொண்டு தம்மை ஆள்வோரை அமர்த்தவும், குறித்த காலத்தில் இரத்தம் சிந்தாமல் அவர்களை இறக்கவும் வழிசெய்கிற ஆட்சிமுறையே மக்களாட்சி. அந்த வழி நாளைக்கும் திறந்திருக்க வேண்டுமானால், பேசும் உரிமையும், கூடும் உரிமையும், அஞ்சாமல் எழுதும் பத்திரிகையும், ஆள்வோருக்குக் கட்டுப்படாத நீதிமன்றமும் வேண்டும். அவற்றை இன்றைய பெரும்பான்மை கைவைக்க முடியாத இடத்தில் வைத்துக் காப்பதும் மக்களாட்சியின் பகுதிதான். பத்துப் பேர் கூடி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும்போது ஆறு பேர் சொல்வதை ஏற்பது ஒரு நடைமுறை. மற்ற நான்கு பேரின் நாவை அடக்கவோ, அவர்களைப் பத்துப் பேர் பட்டியலிலிருந்தே நீக்கவோ அந்த ஆறு பேருக்கு அந்த நடைமுறை அதிகாரம் தருவதில்லை.

மக்களாட்சி என்ற பேச்சு எழுந்தாலே நம்மவர்கள் உத்திரமேரூரைக் குறிப்பிடுவார்கள். குறிப்பிட வேண்டியதுதான், ஆனால் கல்வெட்டைப் படித்துவிட்டுக் குறிப்பிட வேண்டும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் உள்ளன. ஊர் குடும்புகள் எனப்பட்ட 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர்களின் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபை கூடியிருக்க, ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தான். சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று குழுக்கள் இப்படி அமைந்தன. 921 கல்வெட்டின்படி, உறுப்பினராவதற்கு 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதி இழந்தனர்.

கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்ற அந்த விதி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நான் தலைவணங்கும் விதி. ஆனால் அந்தச் சபை பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை என்பதையும், உழுதவர்களும் நெய்தவர்களும் பெண்களும் அதில் இல்லை என்பதையும் மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது நேர்மையாகாது. இன்னொன்றும் உண்டு. குடவோலை என்பது திருவுளச்சீட்டு முறை. இன்றைய பொருளில் வாக்களிப்பு அன்று. அதனால் அது தாழ்ந்துவிடவில்லை. பண்டைய ஏதென்ஸ் நகரிலும் 500 பேர் கொண்ட ஆட்சிக் குழுவைச் சீட்டுக் குலுக்கியே எடுத்தார்கள். சீட்டுக் குலுக்குவதே மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் செல்வர் ஆட்சிக்கு உரியது என்றே அரிஸ்டாட்டில் கருதினார். தேர்தலில் செல்வாக்குள்ளவர் வெல்வார். குடத்துக்குள் எல்லா ஓலையும் ஒன்றுதான்.

இனி வகைகள். நேரடி மக்களாட்சி, பிரதிநிதித்துவ மக்களாட்சி என்பது அடிப்படைப் பிரிவு. குடிமக்களே கூடிச் சட்டம் செய்வது நேரடி முறை. கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்களோடு ஏதென்சில் அது உருப்பெற்றது. பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதில் சேரவில்லை. கி.மு. 406 இல் அந்த மக்கள் மன்றம் செய்த ஒரு காரியத்தை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். ஆர்கினூசே என்ற இடத்தில் நடந்த கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலால், மூழ்கிக்கொண்டிருந்த தம் வீரர்களைத் தளபதிகளால் மீட்க முடியவில்லை. ஊர் கொதித்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்ற சட்டத்தை மீறி, எட்டுத் தளபதிகளுக்கும் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதித்தார்கள். நகரில் இருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அன்று மன்றத்தை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களுள் ஒருவரான சாக்ரட்டீஸ், இது சட்டத்துக்கு மாறானது என்று சொல்லி அதற்கு உடன்பட மறுத்தார். பின்னர் அதே மக்கள் வருந்தினார்கள். அந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மை இருந்தது, சட்டம் இல்லை. சட்டத்தை விட்டுவிட்ட பெரும்பான்மை எத்தனை வேகமாகக் கொலைவரை போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

இன்று நேரடி முறைக்கு மிக அருகில் உள்ள நாடு சுவிட்சர்லாந்து. நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை ஏற்காதவர்கள் 100 நாள்களுக்குள் 50,000 கையொப்பங்களைத் திரட்டினால் அது மக்கள் வாக்கெடுப்புக்கு வரும். 18 மாதங்களுக்குள் 1,00,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அரசமைப்பையே திருத்தும் முன்மொழிவை மக்கள் முன் வைக்கலாம். அது நிறைவேற, மொத்த வாக்காளர்களில் பெரும்பான்மையோடு, மாநிலங்களைப் போன்ற கன்டோன்களில் பெரும்பான்மையும் வேண்டும். கிளாருஸ், அப்பென்செல் இன்னர்ரோடன் ஆகிய இரண்டு கன்டோன்களில் மக்கள் இன்றும் ஆண்டுக்கொரு முறை திறந்த வெளியில் கூடிக் கைதூக்கி வாக்களிக்கிறார்கள். இதைப் படித்தால் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்ற கேள்வியை 1959 இல் அந்நாட்டு ஆண்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். 1971 இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அப்பென்செல் இன்னர்ரோடனில், வாக்குரிமையின் அடையாளமாக இடுப்பில் வாளோடு வந்து கூடும் ஆண்கள், 1990 இலும் மறுத்தார்கள். அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டுத்தான் அங்கே பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. உலகிலேயே அதிகமாக மக்களைக் கேட்டு நடக்கும் நாட்டில், ஒரு கன்டோனின் பாதி மக்களின் உரிமையை நீதிமன்றம் பெற்றுத்தர வேண்டியிருந்தது. பெரும்பான்மைக்கு மேலே ஒரு சட்டம் நிற்க வேண்டிய தேவைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பிரதிநிதித்துவ முறையின் உட்பிரிவுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், பாடநூல்களில் அவை விரிவாக உள்ளன. அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக இருந்து, அதன் நம்பிக்கையை இழந்தால் விலகுவது நாடாளுமன்ற முறை. பிரிட்டனும் இந்தியாவும் இந்த வகை. ஆட்சித் தலைவரை மக்கள் தனியே தேர்ந்தெடுத்து, அவர் குறித்த காலம்வரை பதவியில் இருப்பது அதிபர் முறை. அமெரிக்கா அதற்குச் சான்று. இரண்டையும் கலந்தது 1958 முதல் பிரான்சில் உள்ள முறை. இவற்றைவிட முக்கியமானது, வாக்குகளை இடங்களாக மாற்றும் கணக்கு. தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றார் என்ற இந்திய முறையில், 2014 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி ஏறத்தாழ 31 விழுக்காடு வாக்குகளோடு 543 இல் 282 இடங்களைப் பெற்றது. எந்தக் கட்சி வென்றாலும் இந்த முறை இப்படித்தான் கணக்கைப் பெருக்கிக் காட்டும். விகிதாசார முறையில், வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும். அதற்கு விலையாகக் கூட்டணி பேரங்கள் நீளும். 2010 தேர்தலுக்குப் பிறகு பெல்ஜியத்தில் புதிய அரசு அமைய 541 நாள்கள் ஆயின.

பெரும்பான்மை பற்றிய கேள்விக்கு நமக்கு மிக நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. 1931 இல் டொனமூர் அரசமைப்பின் கீழ், ஆசியாவிலேயே முதலாவதாக, எல்லா வயதுவந்தோருக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு அது. இந்தியாவுக்கு அந்த உரிமை வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1947 தேர்தலில், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களும் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். விடுதலை கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே வந்தது குடியுரிமைச் சட்டம். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. தோட்டத்து லயம் என்னும் வரிசை வீட்டில் பிறந்து, லயத்திலேயே இறந்து, தேயிலைச் செடிக்கு அடியில் புதைக்கப்பட்ட ஒரு பாட்டனுக்குப் பேரன் எங்கே போய்ப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவான்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 இல் வாக்குரிமையும் போனது. நாடாளுமன்றத்தில் முறையாக விவாதித்து, முறையாக வாக்கெடுத்து, பெரும்பான்மையோடு நிறைவேற்றிய சட்டங்கள் இவை.

இனச் சிறுபான்மையினருக்கு மட்டும் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்று விடுதலையின்போது இலங்கையில் இருந்த சோல்பரி அரசமைப்பின் 29 ஆவது பிரிவு சொன்னது. கோடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு அன்று இலங்கைக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இது குடியுரிமையைப் பற்றிய சட்டமே தவிர ஓர் இனத்துக்கு எதிரான சட்டம் அன்று என்று 1953 இல் தீர்ப்பு வந்தது. காப்பு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை அன்று மலையகம் கற்றுக்கொண்டது. 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1972 அரசமைப்பில் அந்த 29 ஆவது பிரிவே காணாமல் போனது. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளுக்கு 168 இல் 140 இடங்களைப் பெற்றது; 1982 இல் ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பொதுத் தேர்தலே இல்லாமல் அதே நாடாளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. அந்த அவையில் எதிர்க்கட்சியாக இருந்தது தமிழர் விடுதலைக் கூட்டணி. 1983 இல் கொண்டுவந்த ஆறாவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் அதன் உறுப்பினர்கள் இடங்களை இழந்தார்கள். இத்தனைக்கும் இடையில் தேர்தல்கள் நடந்தன, வாக்குகள் எண்ணப்பட்டன, சட்டங்கள் அரசிதழில் வந்தன. குறிப்பேட்டின் வரையறைப்படி அங்கே மக்களாட்சிக்கு ஒரு குறையும் இல்லை. தோற்றவர்கள் மறுபடி வெல்வதற்கான கதவு ஒவ்வொன்றாக மூடப்பட்டது என்பதைக் காண, அந்த வரையறைக்குக் கண் இல்லை. மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. 1948 இல் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்போது வயது 55.

இந்திய அரசமைப்பை எழுதியவர்கள் இந்த ஆபத்தை அறிந்திருந்தார்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்ற சமத்துவம் வரப்போகிறது, சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமத்துவமின்மை தொடரப்போகிறது என்று இந்த முரண்பாட்டை முன்வைத்து எச்சரித்தார். அடிப்படை உரிமைகள், அவற்றுக்காக நேரே உச்சநீதிமன்றம் செல்லும் 32 ஆவது பிரிவு, தனித்தொகுதிகள் ஆகியவையெல்லாம் பெரும்பான்மைக்குப் போட்ட வரம்புகள். நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று 1973 இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் நெருக்கடி நிலை வந்து, உயிருக்கும் விடுதலைக்குமான உரிமையைக் கேட்டுக்கூட நீதிமன்றம் போக முடியாது என்ற வாதத்தை 1976 இல் உச்சநீதிமன்றமே ஏற்றபோது, ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். வரம்புகளைக் காக்கவும் ஆள் வேண்டும்.

நன்மைகளுக்கு வருகிறேன். முதல் நன்மை, ஆட்சி கைமாறும்போது கத்தி எடுக்க வேண்டியதில்லை என்பது. 1967 இல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். முதலமைச்சராக ஒன்பது ஆண்டுகள் இருந்தவர், இரண்டு பிரதமர்கள் பதவிக்கு வரக் காரணமாக இருந்தவர், மாணவர் தலைவராக இருந்த ஓர் இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்று, அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ரேபரேலியில் இந்திரா காந்தி தோற்றார். நெருக்கடி நிலையை அறிவித்தவரே வாக்குப் பெட்டியின் முடிவுக்குப் பணிந்தார். அரச வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு அரிய செய்தி என்று தெரியும். பட்டத்துக்காக உடன்பிறந்தாரைக் கொன்ற கதைகள் நிறைந்த பழைய உலகத்திலிருந்து இது வெகுதூரம்.

இதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் பணியாற்றினேன். விடியும் முன்னே, பள்ளி வகுப்பறையில், முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது ஐம்பது வாக்குகளைப் போட்டு எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் அழித்துச் சுழியம் காட்டி, பச்சைத் தாள் முத்திரையில் அவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்த பிறகே உண்மையான வாக்குப்பதிவு தொடங்கும். ஒருமுறை, முந்தைய வாரம் கடைத்தெருவில் கைகலந்துகொண்ட இரு கட்சிகளின் முகவர்கள் ஒரே பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஒருவர் வீட்டிலிருந்து வந்த தயிர்சாதத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மாலையில், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தில் நான் எழுதிய எண்ணை இருவரும் தத்தம் தாளில் குறித்துவைத்திருந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள், ஒன்றுதான். கையெழுத்திட்டார்கள். யார் வென்றார்கள் என்பது அந்த நிமிடம் இருவருக்கும் தெரியாது. தோற்றாலும் இந்த எண் சரியானதுதான் என்று இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள் என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள்.

இரண்டாவது நன்மை, பசியைப் பற்றியது. பத்திரிகைகள் எழுத முடிகிற, எதிர்க்கட்சிகள் கேட்க முடிகிற, தேர்தல் வரப்போகிற நாட்டில் பெரும்பஞ்சம் நிகழ்வதில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் நிறுவினார். அன்னிய ஆட்சியில் 1943 இல் வங்கத்தில் 20 முதல் 30 இலட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள்; விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வறட்சிகள் வந்தன, அந்த அளவுப் பஞ்சம் வரவில்லை. சீனாவில் 1950களின் இறுதியில் தொடங்கிய பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். களஞ்சியம் காலி என்ற செய்தியை மேலே சொல்லத் துணிந்தவர் குறைவு. ஆனால் அன்றாட அரைவயிற்றுப் பசியையும் குழந்தைகளின் ஊட்டக்குறைவையும் மக்களாட்சி அதே வேகத்தில் தீர்த்துவிடவில்லை என்பதையும் சென் சொல்லியிருக்கிறார். கூட்டமாகச் சாவது செய்தியாகிறது. மெல்ல மெலிவது ஆவதில்லை.

மூன்றாவது நன்மையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்: ஏற்றத்தாழ்வில் ஊறிய சமூகத்தில் அது மனிதனுக்குத் தரும் நிமிர்வு. 1951-52 இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்காகச் சின்னங்களும், வேட்பாளருக்கொரு பெட்டியும் ஏற்பாடாயின. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று மட்டும் சொல்லி, தம் பெயரைத் தர மறுத்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகளைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. அவர்கள் வாக்களிக்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் ஒரு பெண்ணுக்குத் தன் பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ஒரு வாக்கு உண்டு என்று ஒரு நாடு வற்புறுத்தியது சிறிய செய்தி அன்று.

இதே நிமிர்வுக்கு நம் மண் கேட்ட விலையையும் சொல்ல வேண்டும். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996 இல் பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. தடைகளைத் தாண்டித் தேர்தலில் வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில், தனித்தொகுதி என்பதை ஏற்காத ஊர்ப் பெரும்பான்மை பத்து ஆண்டுகள் தேர்தலைச் செயலற்றதாக்கியது. வேட்புமனு இருக்காது, இருந்தால், வென்றவர் பதவியேற்றவுடன் விலகல் கடிதம் கொடுப்பார். 2006 இல்தான் அந்த முட்டுக்கட்டை நீங்கி, தலைவர்கள் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றத் தொடங்கினார்கள். அந்த ஊர்களில் கைதூக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் பெரும்பான்மையின் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. மாணவியின் கேள்விக்கு உரிய விடை அங்கேதான் இருக்கிறது. பெரும்பான்மைக்கு எதிராக நின்று அந்த நாற்காலியைக் காத்த சட்டம்தான் அங்கே மக்களாட்சி.

குறைகளையும் நேராகவே சொல்கிறேன். பணம் முதன்மையானது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த காரணத்தால் தமிழ்நாட்டில் 2016 இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2017 இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019 இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. மக்களவைத் தேர்தல் ஒன்று பணப்பட்டுவாடாவுக்காக நிறுத்தப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. வாக்குக்குப் பணம் வாங்குபவரைப் பழிப்பது எளிது. ஐந்து ஆண்டுகளில் தன்னிடம் யாரும் வராத ஒரு தெருவில், அந்த ஒருநாள் கையில் கிடைக்கும் நோட்டு மட்டுமே அரசியலால் கிடைத்த பயன் என்று நினைக்கும் நிலைக்கு மக்களைக் கொண்டுவந்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த குறை, நாம் தேர்ந்தெடுத்தவர் நமக்காகப் பேச முடியாமல் போவது. ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க 1985 இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது, நோக்கம் நல்லது. ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்பதால், தன் தொகுதிக்குக் கேடான மசோதாவுக்கும் உறுப்பினர் கைதூக்க வேண்டியிருக்கிறது. அரசைக் காக்கவோ கவிழ்க்கவோ செய்யும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இந்தச் சட்டத்தை வரையறுத்துவிட்டு, மற்றவற்றில் மனச்சான்றுப்படி வாக்களிக்க விட வேண்டும் என்பது என் கருத்து. தாமதமும், அடுத்த தேர்தலுக்கு அப்பால் பார்க்காத குறுகிய நோக்கும் எல்லா மக்களாட்சிகளுக்கும் பொதுவானவை. நிலத்தடி நீரைக் காக்கும் திட்டத்தின் பயன் இருபது ஆண்டுகள் கழித்து வரும். இலவச மோட்டாரின் நன்றி இந்த ஆண்டே வரும்.

மிகப் பெரிய குறை, தன்னை அழிப்பவனுக்கும் அது வழிவிடும் என்பது. ஜெர்மனியில் நாஜிக் கட்சி 1932 ஜூலை தேர்தலில் பெற்றது ஏறத்தாழ 37 விழுக்காடு. தனிப் பெரும்பான்மை இல்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் முறைப்படியே, பிரதமருக்கு நிகரான சான்சலராக நியமிக்கப்பட்டார். மார்ச் 23 அன்று, கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள் வர முடியாதபடி செய்யப்பட்ட நிலையில், நாடாளுமன்றமே தன் சட்டமியற்றும் அதிகாரத்தை 444 க்கு 94 என்ற கணக்கில் அவருக்குத் தூக்கிக் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. அதைக் கற்றுக்கொண்ட ஜெர்மனி, 1949 அரசமைப்பில் மனித மாண்பு பற்றிய முதல் பிரிவின் கோட்பாடுகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று எழுதிவைத்தது.

மக்களாட்சியின் வகைகளுள் எது சிறந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரிய நாட்டுக்குப் பிரதிநிதித்துவம் தவிர வேறு வழியில்லை. ஆனால் அடித்தளத்தில் நேரடி மக்களாட்சி இல்லாவிட்டால் அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் திருவிழாவாகிவிடும். 1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது திருத்தம் நமக்குக் கிராம சபையைத் தந்திருக்கிறது. குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு, தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் அது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கும் உரிமை அங்கே பிரதிநிதிக்கு அன்று, உங்களுக்கே உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு நான் போன ஒரு கிராம சபையில், கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தீர்மானப் பதிவேடு கையெழுத்துக்காக வரிசையில் வந்தது. தீர்மானங்கள் எழுத வேண்டிய பக்கங்கள் வெற்றாக இருந்தன. பின்னர் எழுதிக்கொள்வார்கள் என்று பலரும் கையெழுத்திட்டார்கள். உண்மையைச் சொன்னால், என் கையும் பேனாவைத் தேடியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதாத பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. மொதல்ல எழுதுங்க. எழுதுனத வாசிங்க. அப்புறம் போடுறேன்." செயலர் பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் நேரமாகிறது என்றார். "எங்களுக்கும்தான் நேரமாகுது, வாசிங்க" என்றார் அந்த அம்மா. எழுதினார்கள், வாசித்தார்கள். ஏரி வரத்துக்கால் தூர்வாரும் பணி முடிந்துவிட்டதாக ஒரு தீர்மானத்தில் இருந்தது. வரத்துக்காலின் கடைசிப் பகுதியில் மண்வெட்டியே படவில்லை என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. 'முடிந்தது' என்ற சொல்லை அடித்துவிட்டு, எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை எல்லார் முன்னிலையிலும் எழுதினார்கள். அதன் பிறகு அந்த அம்மா கையெழுத்திட்டு, பதிவேட்டைப் பின்னால் திரும்பி என்னிடம் நீட்டினார்.